தடையின்மைச் சான்று

கடைசிப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வர்தார் ஆற்றங்கரை, கட்டட எண் நாற்பத்தொன்று.
கீழே அஞ்சலகம், மூன்றாம் மாடியில்
பாரம்பரியத் துறை என்கிற எங்கள் இரண்டு அறைகள்.
நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுப்பியது.
பலகை அடித்து வார்த்த கான்கிரீட்,
பூச்சில்லை,
மரத்தின் ரேகைகள் சுவரில் அப்படியே ஓடும்.
மழையில் நனைந்தால் யானைத்தோல் நிறம்.
வார்த்தவர்கள் அந்தக் குளிர்காலம் முழுக்கக்
கூடாரங்களில் படுத்து எழுந்தவர்கள்.

அமைச்சருக்கு அது பிடிக்கவில்லை.
தலைநகரம் என்றால் இப்படியா, என்று
வியன்னாவில் எடுத்த போட்டோ ஒன்றைக்
கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினார்.
போட்டோவில் தூண்களுக்கு முன்னால்
அவரும் மனைவியும் ஐஸ்கிரீமோடு.

துறையில் நாங்கள் மூன்று பேர்.
ட்ரைச்சே கையெழுத்துப் போடவில்லை,
எல்லை மாவட்டத்தில் இப்போது
பள்ளிக்கூட வேலிகளை அளக்கிறான்.
ஸ்பாசியா மருத்துவ விடுப்பில் போனாள்.
மிச்சமிருந்தது என் பேனா.
மகளுக்குப் பல்லில் கம்பி கட்டிய வருடம் அது.
காரணமாகச் சொல்லவில்லை.
மாதத் தவணை எவ்வளவு என்பது
இன்னும் மனப்பாடமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தூண்கள் லாரியில் வந்தன,
நெடுக்குவாட்டில் பிளந்து, பாதி பாதியாக.
இருபத்திரண்டு.
இரண்டு ஆட்கள் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்,
முன்னால் போனவன்
வாயிலிருந்த சிகரெட்டைக்கூட எடுக்கவில்லை.
தெர்மோகோல், அதன்மேல் வலை, அதன்மேல் ஜிப்சம்,
அதன்மேல் தன்னைப் பளிங்கு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பெயின்ட்.
பூசி மெழுகுவதற்கு
டெண்டர் விட்டுப் பார்த்தது அப்போதுதான்.

நம் வரலாற்றை மீட்டுவிட்டோம், என்றார் திறப்பு விழாவில்.
எந்த நூற்றாண்டில் தொலைத்தோம் என்று
பேண்டு வாத்தியத்துக்கு நடுவே
யார் கேட்பது.

ஒன்பதாவது தூண் என் ஜன்னலுக்கு நேரே.
ஆறு போயிற்று, பாலம் போயிற்று,
பதினேழாம் எண் பேருந்து வருகிறதா என்று
எட்டிப் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டுகிற வழக்கம் போயிற்று.
நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொள்கிறேன்.

தூணுக்குள் யாரோ இருப்பதாக நம்புகிற தேசங்கள் உண்டாம்.
ஒருநாள் ஸ்கேலால் தட்டினேன்.
முதலில் காலி டப்பாவின் சத்தம்.
பிறகு, கோபமாக, ஒரு சிட்டுக்குருவி.
துளை போட்டுக் குடிவந்திருக்கிறது.
ஜன்னல் விளிம்பெல்லாம் வெள்ளை மணிகள்,
கொட்டிக் கிடக்கும் ஜவ்வரிசி மாதிரி.

அமைச்சர் மாறினார்.
புதியவரின் கைபேசியில் துபாய்.
எல்லாவற்றையும் உரித்துவிட்டுக் கண்ணாடி போடலாம் என்கிறார்.

உரித்தால் பழையது அப்படியே வருமா?
பொறியாளர் லூப்சோ என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
தூணுக்கு அறுபது போல்ட், அம்மா.
அடித்த இடத்திலெல்லாம் தண்ணீர் இறங்கிவிட்டது.

அவர் போனதும் ஜன்னலைத் திறந்து
தூணுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டேன்.
முழங்கை வரை போனது.
மரத்தின் ரேகை விரலில் தட்டியது,
ஈரமாக, ஒரு முடிச்சோடு,
எந்தக் காட்டிலோ கிளை முளைத்த இடம்.
எடுத்துப் பார்த்தால் விரல்நுனியெல்லாம் துரு.

மேசையில் புதுப் படிவம்.
இந்த முறை என் பெயரை
அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள்.
ஓர் எழுத்து தப்பு.