அரைப் பேர்

படிவத்தைத் தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள் கொழும்பிலிருந்து.
மூன்றாம் பக்கத்தில் 'எழுமாற்று ஒதுக்கீடு' என்றிருந்தது.
நானே இருமுறை வாசித்தேன் அதை.
பதுளை ஆஸ்பத்திரி, ஆறாம் அறை.
எதிரே அங்கம்மா,
முந்தானையால் வாய் மூடி.
கன்னத்தின் உள்ளே ஒரு காசளவு புண்,
அதற்கு வயது ஏழு மாதம்.

"சீட்டுக் குலுக்குற மாதிரி" என்றேன்.
"ஒரு சீட்டில் முப்பத்துமூன்று நாள் கதிர்,
இன்னொன்றில் இருபது நாள், நாளுக்குக் கொஞ்சம் கூட.
இருபதே போதுமா என்று எங்களுக்குத் தெரியாது.
தெரியாததால்தான் இந்த ஆய்வு."

தெரியாது என்கிற டொக்டரை
அவள் அன்றுதான் பார்த்திருக்க வேண்டும்.
சிரித்தாள். இரண்டு விரல் அகலம் திறந்தது வாய்.
"லயத்துச் சீட்டுலயே எனக்கு
மொதச் சீட்டு விழுந்ததில்ல புள்ள."

எனக்கு இது முதல் ஆய்வு.
கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை.
போன வருஷம், பசறை பஸ் பாதியில் நின்றுபோன ஒரு மழைநாள்.
வராதவர்களின் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ரிஸ்மினா
சட்டென்று கேட்டாள்:
பதினெட்டு, பத்தொன்பதில் நின்றுவிடுகிறார்களே எல்லோரும்,
அந்த நாளில் என்னடி இருக்கிறது?
நோயில் ஒன்றும் இல்லை.
அது கைக்காசு தீர்கிற நாள்.
அடகுக்கடைக்காரருக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

மலையில் ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பேர்.
கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.
போகாவிட்டால் பேரே இல்லை.
எங்கள் படிவத்திலும் பேர் இல்லை,
அந்த இடத்தில் 017 என்று எழுத வேண்டும்.
"பேர் போடலியா?" பதறிவிட்டாள்.
புற்றுநோயை விளக்கக் கால் மணி நேரம்,
இதை விளக்க முக்கால்.
பிறகு கையெழுத்திட்டாள்,
'அ'வின் சுழியில் பேனா நின்று, யோசித்து, இறங்கியது.

உறைகள் ரிஸ்மினாவின் அலுமாரியில்.
அவள் தேத்தண்ணீருக்குப் போயிருந்தாள், சாவி மேசையில்.
பழுப்பு உறை. 017.
வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியுமோ?
தெரிந்து, அது நீண்ட சீட்டாக இருந்து,
அடுத்த உறையை முன்னால் நகர்த்தினால்
யாருக்குத் தெரியப்போகிறது?
ஜன்னல் வரைக்கும் கொண்டுபோனேன்.
நமுனுகுலையை முழுதாக விழுங்கியிருந்தது மேகம்.
நான் நேர்மையானவள் என்று சொல்லமாட்டேன்.
அன்று மப்பு, அவ்வளவுதான்.

முப்பத்துமூன்று விழுந்தது.

பத்தொன்பதாம் நாள் 017 வரவில்லை.
இருபதாம் நாளும்.
சனிக்கிழமை நான் மேல்பிரிவுக்கு ஏறினேன்,
பையில் டோர்ச், படிவம், இரண்டு பால்மா பக்கெட்.
கொழுந்து நிறுக்கும் நேரம்.
வரிசையில் நின்றாள் அங்கம்மா,
தலையில் சாக்கு, கழுத்தின் ஒரு பக்கம் கருகி உரிந்து.
"கடன் ஒண்ணு குடுக்கணும். அரைப் பேராவது கெடைக்குமேன்னு…
திங்கக்கெழம வந்துருவேன்."

நிறை பார்க்க வேண்டும் என்றேன்.
தராசு அங்கேதான் தொங்கியது.
யாரும் சொல்லவில்லை, அவளே
கொக்கியை இரு கையாலும் பற்றி
கால்களைத் தூக்கிக்கொண்டாள்.
முள் நடுங்கி நின்றது முப்பத்தெட்டில்.
"சாக்குக்கு ரெண்டு கழிச்சு முப்பத்தாறு" என்றார் கணக்கப்பிள்ளை,
பழக்கத்தில்.
வரிசையே சிரித்தது. அவளும்தான்,
ஒன்றரை விரல் அகலம்.

இறங்கும் பஸ்ஸின் மங்கல் விளக்கில் எழுதினேன்:
நிறை 38. கருவி: அங்கீகரிக்கப்படாதது.
தவறிய நாள்கள் இரண்டு. காரணம்:
பக்கவிளைவு, மறுப்பு, மரணம், மற்றவை.
'மற்றவை'க்கு எதிரே ஒரு சிறு கோடு விட்டிருந்தார்கள்.
அதில் ஒரே சொல் எழுதினேன்.
பேர்.

திங்கள் காலை ரிஸ்மினா கத்தப்போகிறாள்:
படிவத்தில் பேர் எழுதக்கூடாது என்று
எத்தனை தடவை சொல்வது உனக்கு?