மூன்றாவது பேட்டரி

புக்காக்கி ஏரிக்கரையில் நான்காம் நாள் காலை.
சாவியைத் திருப்பினால்
டக்.
மறுபடியும் டக்.
தொண்டையில் முள் சிக்கியவன்
பேச வாயெடுப்பது மாதிரி.

மர்டோ ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.
முப்பது வருஷம் பால் டேங்கர் ஓட்டியவனுக்கு
இது அவமானம், சொல்லமாட்டான்.
"குளிர்" என்கிறான்.
போன தடவை, "பேட்டரி பழசு."
அதற்கு முந்தி, "ஆல்டர்னேட்டர்."
இது மூன்றாவது பேட்டரி.
ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன.

வீட்டுப் பகுதிக்குத் தனி பேட்டரி உண்டு,
கூரையில் சூரியத் தகடு.
ஜூன் மாதத்து நோஞ்சான் வெயிலிலும்
அதற்கு ஒரு குறையுமில்லை. பம்பு ஓடுகிறது, விளக்கு எரிகிறது.
எஞ்சினுக்கு உள்ளதுதான்
மூன்று இரவு நின்றால் செத்துப்போகிறது.
ஒரே கூரைக்குக் கீழே
ஒருத்தர் கொழுத்து ஒருத்தர் இளைக்கும் வீடுகளை
நான் பார்த்ததில்லையா என்ன.

பக்கத்து வண்டி யோஸ்ட், டச்சுக்காரர்,
தன் ஜெனரேட்டரிலிருந்து
இரண்டு மணி நேரம் அதற்குக் கஞ்சி ஊற்றினார்.
போகும்போது ஒரு மீட்டரைக் கையில் திணித்தார்.
"நாலாவது வாங்குவதற்கு முன்னால்
திருடனைப் பிடியுங்கள்."

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி
நடுவில் மீட்டரை நுழைத்தோம்.
எல்லாவற்றையும் அணைத்துவிட்டு
வண்டி தூங்கட்டும் என்று இருபது நிமிடம் காத்திருந்தோம்.
எதிரே ஔராக்கி முழு வெள்ளையில்.
யாரும் பேசவில்லை.
புள்ளி நான்கு இரண்டு.
தூங்கும் வண்டி இவ்வளவு குடிக்காது.

நான் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்க
அவன் எண்ணைப் படித்தான்.
ஹாரன். "அதேதான்."
வைப்பர். "அதேதான்."
ரேடியோ. "ஒன்று குறைந்தது."
"ஒன்றா?"
"புள்ளி நான்கு ஒன்று, நைரி. சந்தோஷமா?"
எட்டாவதைப் பிடுங்கியதும் பதிலே இல்லை.
எட்டிப் பார்த்தேன். புள்ளி பூஜ்யம் ஒன்று.
மீட்டரைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டிருந்தான்.

அந்த ஃபியூஸின் பக்கத்தில்
பழைய சொந்தக்காரர் பென்சிலால் எழுதியிருந்தது:
மற்றவை.

மற்றவை என்றால் எவை?
படிக்கட்டு விளக்கு, அலமாரி விளக்கு,
கட்டிலடிப் பெட்டி விளக்கு.
யாரோ ஒரு பழுப்பு ஒயரை
எஞ்சின் பேட்டரியோடு முடிந்துவைத்திருக்கிறார்.
திறந்தால் எரிகிறது, மூடினால் அணைகிறது.
அணைவதை யார் பார்த்தது?
கம்பளி தரம் பிரித்து வாழ்ந்தவள் நான்.
கண் வெள்ளை என்று சொல்லும்,
விரல்தான் உண்மையைச் சொல்லும்.
ஆனால் மூடிய பெட்டிக்குள் விரலும் போகாது.

ஃபியூஸை மறுபடி செருகி,
போனை வீடியோவில் போட்டு
கட்டிலடிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.
இருபது வரை எண்ணினேன்.
தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்:
என் கை விலகுகிறது,
மூடி இறங்குகிறது,
மூடியபின்னும் உள்ளே
பட்டப்பகல்.

அந்தப் பகலில் ஒரு வலைப்பை.
மார்ச்சில் ஓமருவில் வாங்கி
மறந்தே போன வெங்காயம்.
முழ நீளத் தாள், பச்சைப்பசேல் என்று.
ஒன்றுவிடாமல் எல்லாம்
பல்பின் பக்கமே வளைந்து நின்றன.

மர்டோ சிரிக்க ஆரம்பித்தவன்
இருமல் வரும்வரை நிறுத்தவில்லை.
அத்தனை டாலரும் இதோ, கொத்தாக.
சுவிட்சின் முள் கோணிப்போயிருந்தது, அவ்வளவுதான்.
ராத்திரி முட்டையோடு வதக்கினேன்,
யோஸ்ட்டுக்கும் ஒரு தட்டு.
கொஞ்சம் கசப்பு. விலைக்குத் தகுந்த ருசியில்லை.

இப்போது மூன்று இரவு பொறுக்கவேண்டும்,
அப்புறம்தான் சாவி.
இன்று இரண்டாவது.
வெளியே உறைபனி தகரத்தை நெரிக்கும் சத்தம்.
இருட்டில் கேட்கிறான்:
"அது அணைந்துதானே இருக்கிறது?"

பல்பு என் கோட்டுப் பையில் இருக்கிறது என்று
மத்தியானமே சொல்லிவிட்டேன்.
போர்வைக்கு மேலே போர்த்திய கோட்டில்
அவன் கை மெல்லத் துழாவுகிறது,
பையைக் கண்டுபிடித்து,
உள்ளே போய்,
அங்கேயே தூங்கிவிடுகிறது.