முப்பத்தியிரண்டாம் பக்கம்

இரவு ஷிப்ட் முடிந்து
இரும்பாலை பஸ்ஸில் ஜன்னலோரம்.
யாரோ அனுப்பிய ஸ்கேன்
கைபேசியில் மெல்ல இறங்குகிறது:
‘செம்பருந்தும் கந்தகத் தீவும்’,
விலை ஒரு ரூபாய்.

முகமூடிக்காரன் வசிப்பது குகையில்.
நாங்களும் குகைதான், சேலத்துக் குகை.
அதனால் அவன் நம்ம தெருக்காரன் என்று
சத்தியமே செய்திருந்தோம்
நானும் பரஞ்சோதியும்.

பக்கம் தள்ளுகிறேன்.
தட்டுவடை எண்ணெய், விரல் அகலத்துக்கு.
முப்பத்தியிரண்டில்
கட்டுண்டு கிடக்கும் இளவரசிக்கு
நீல மையில் மீசை.

அது நான் வரைந்தது.

திருமணிமுத்தாத்து வெள்ளத்துல போச்சுடா என்றானே,
அழக்கூடச் செய்தானே!
நாற்பத்தோரு வருடம் நம்பியிருக்கிறேன்.

அஞ்சு ரோட்டில் இறங்கி போன் போட்டேன்.
“திருட்டுப் பயலே.”
கொஞ்ச நேரம் இருமினான்.
“அந்த மீசையாலதான்டா
கால் ரூபா கொறைச்சிட்டான்.”