கோப்பில் உள்ளபடி

மூன்றே நிமிடம் என்றார்கள்.
நான் எண்ணவில்லை.
குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
அல்லது அது என்னை.

கடலில் ஒரு தும்பிக்கை இறங்கியதாம்.
விமான நிலையப் பக்கம் நின்றவர்கள்
கைப்பேசியில் பிடித்திருந்தார்கள்.
பூத்திங் பெலியோங் என்றாள் செய்தி வாசிப்பவள்.
அது கரையேறி
சுங்கை ஆராவில் எங்கள் வரிசையின்
பின்பக்கத்தை மட்டும் முகர்ந்துவிட்டுப் போனது.

அடுக்களைக் கூரை, பன்னிரண்டு சிங்க் தகடுகள்.
ஏழு, ஊய் வீட்டு முற்றத்தில்.
ஒன்று அவருடைய மைவி காரின் மேல்.
இரண்டு சூராவ் வேலியில்.
மிச்சம் இரண்டு
இன்னும் வரவில்லை.

கொம்தாரில் நம்பர் எடுத்து உட்கார்ந்தேன்.
ஆயிரத்து நாற்பத்தேழு.
கவுண்டரில் நோராய்னி கேட்டாள்:
பழுது பார்க்கவா, புதிதாகக் கட்டவா?
இருந்ததைத் திரும்ப வைக்க, என்றேன்.
அப்படி ஒரு ஃபாரம் இல்லை.

பிளான் வரையும் ஜமாலுதீன்
காசு கட்டிப் பழைய பிளானின் நகலை வாங்கி வந்தார்.
ஹாலில் விரித்தோம்.
சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைக்கு ஒன்றாய்
சம்பல் போத்தல், உப்பு டப்பா,
தேங்காய்க் கத்தி, அவர் கைப்பேசி.

உங்க அடுக்களை எங்கேக்கா?

தேடினேன்.
ஹால். இரண்டு அறை.
சமையலறை என்று போட்டிருந்த பொந்தில்
என் மகன் படுத்துத் தூங்குகிறான்.
அதை ஒட்டி, பின்சுவர், தடித்த ஒரு கோடு.
கோட்டுக்கு அப்பால் தாள் வெள்ளை.

பத்தொன்பது வருஷம்
அந்த வெள்ளையில் நின்று மீன் கழுவியிருக்கிறேன்.
பருப்பு பொங்கி அடுப்பு அணைந்தது அதில்தான்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்து
ஒரு வாரம் முழுக்கக் கணவரோடு பேசாமல்
வெங்காயம் நறுக்கியதும் அதில்தான்.
மகள் தனக்கு வரும் மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னபோது
சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருந்ததே,
எதில் சாய்ந்தேன்?

வீட்டை விற்றவர் கட்டியது அது.
சாவியோடு கொடுத்தார், வாங்கிக்கொண்டோம்.
பெர்மிட் உண்டா என்று கேட்க
யாருக்கும் தோன்றவில்லை.

எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தேன்.
காற்று அந்தத் தடித்த கோடு வரை வந்து
நின்றிருக்கிறது.
ஒப்புதல் பெற்ற ஓடு ஒன்றுகூட நகரவில்லை.
பிளானை ஒருமுறை படித்துவிட்டு வந்ததுபோல
கோப்பில் உள்ளபடி
வீட்டை விட்டுவைத்திருக்கிறது.

ஜமாலுதீன் சிரிக்கவில்லை.
வெறும் ஆணியிலே நின்ன கூரைக்கா இது, என்றார்.
இந்தத் தடவை இரும்புப் பட்டை போட்டு
சுவரோட பிணைக்கணும்.
எஞ்சினியர் கணக்குப் பார்த்துக் கையெழுத்து வைப்பார்.
அதுக்குத் தனி.

எவ்வளவு?

சொன்னார்.
அவருக்கு இன்னொரு தேநீர் போட எழுந்தேன்,
யோசிக்க நேரம் வேண்டியிருந்தது.
அடுப்பு இப்போது டிவிக்குப் பக்கத்தில்.

பக்கத்து வீட்டார் சம்மதமும் வேண்டுமாம், இரண்டு பக்கமும்.
கத்தீஜா வாசலில் நின்றே போட்டுக் கொடுத்தாள்.
ஊய் கண்ணாடியைத் தேடினார்.
மைவியின் நெற்றியில் எங்கள் தகட்டின் தழும்பு
அலை அலையாய்.
அதைப் பார்க்காமல் நின்றேன்.

ஒவ்வொரு வரியாய்ப் படித்தார்.
எத்தனை அடி இழுக்கிறீர்கள் என்றார், மலாயில்.
பதினொன்று.
பழையது பன்னிரண்டரை, என்றார்.

அளந்து வைத்திருந்திருக்கிறார்.
எந்த வருஷம், எந்தச் சண்டைக்குப் பிறகு, தெரியாது.
நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு
கவுன்சிலுக்கு ஒரு வரி எழுதாமல்
அந்த ஒன்றரை அடியோடு குடியிருந்திருக்கிறார்.

கையெழுத்துப் போட்டார்.
தாளைத் திருப்பித் தராமல்
குரலைத் தாழ்த்தி,
பிளான் வரைபவர் நம்பர் இருக்கிறதா?

அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தேன்.
ஹால், அறை, அப்புறம்
நேராக வானம்.

எங்களுடையது இரண்டு தகடு இன்னும் கிடைக்கவில்லை, என்றேன்.
எனக்கு நான்கு, என்றார்.