மறுகா

வாப்பாவின் சாரன் களஞ்சியம்தான் ஸ்டூடியோ.
மருதமுனையில் வேறெங்கும் எதிரொலி இப்படிச் சாகாது.
கூரைவரை அடுக்கிய நானூறு சாரன்கள்,
ஒரு சொல்லை விழுங்கினால் திருப்பித் தராது.

பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்தான் புவிகரன்.
பதினெட்டு வயது. செருப்பில் ஒன்று வேறு நிறம்.
"பேர் என்னெண்டு போட?"
"சன்னம்."
எந்தச் சன்னம் என்று நான் கேட்கவில்லை.
இடது முழங்கைக்குள் அவனுக்கு ஒன்று இருப்பதும்
மாரிக்கு அது கடுப்பதும்
மூன்றாவது பாட்டில்தான் தெரியவந்தது.

மைக்கின் தலையில் தங்கச்சியின் பள்ளிக்கூடக் காலுறை மாட்டினேன்,
ப வரும் இடமெல்லாம் வெடிக்காமல் இருக்க.
"வெடிக்கட்டும்" என்று கழற்றி எறிந்தான்.
அஸர் பாங்குக்கும் மஃரிபுக்கும் இடையில்
எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம்.
பிழைத்தால் ஒரு சொல்தான் சொல்வேன்:
மறுகா.
மறுகா.
மறுகா.
பதினேழாம் தடவையில் குரலில் கோபம் தீர்ந்து
வேறொன்று வரும், அதற்கு ஒரு பெயரில்லை.
அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இரண்டாம் பாட்டை நாலாயிரம் பேர் கேட்டார்கள்.
மூன்றாம் பாட்டைப் பொலிஸ் கேட்டது.
"கரிச்சான் எண்டா என்ன?"
"குருவி, சேர்."
"எந்தக் குருவி?"
"கறுப்புக் குருவி, சேர்."
"ஏன் கறுப்பு?"
ஒரு பின்னேரம் முழுக்க வாங்கில் இருந்தோம்
ஒரு குருவிக்காக.

மறுகா கட்டார்.
பன்னிரண்டு பேர் படுக்கும் அறை.
இரவு இரண்டு மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
கிசுகிசுத்து அனுப்புவான்.
"சத்தம் போட்டா டாக்காக்காரன் ஒழும்பிருவான், மச்சான்."
மேடை கிழியக் கத்தினவன்
அங்கேதான் மெதுவாகப் பேசப் படித்தான்.
பின்னணியில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது,
நிமிடத்துக்கு எழுபத்தாறு.
சொட்டை அழிக்க முடியவில்லை. பீட்டை மாற்றினேன்.

திரும்பி வந்த வருசம் கரண்டும் இல்லை, காஸும் இல்லை.
இருட்டுக்குள் லப்டொப் மட்டும், பற்றரி நாற்பது வீதம்.
அன்றுதான் அது:

பேரைக் கேட்டான், சொன்னேன்.
ஊரைக் கேட்டான், சொன்னேன்.
யாரைத் தேடுறாய் எண்டு

நின்றுவிட்டான்.
நாலு பார் பீட் தனியே ஓடியது.
மறுகா என்றேன். அதே இடம்.
மறுகா. அதே இடம்.
பற்றரி பன்னிரண்டு.
அவன் அண்ணனின் பெயர் எனக்குத் தெரியும்.
மூன்றெழுத்து. தாளத்தில் பிசகாமல் விழும்,
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
தொண்ணூறில் நெல் லொறியோடு போன சாச்சாவின் பெயரும் விழும்.
இரண்டையும் நான் சொல்லவில்லை.
வெறும் நாலு பாரை அப்படியே சேமித்தேன்.

கல்லடிக் கடற்கரையில் அதை முதல்முறை பாடினான்.
அந்த இடம் வந்தது. வாயை மூடினான்.
பெடியன்கள் அதை ஸ்டைல் என்று விசிலடித்தார்கள்.
விசிலுக்கு நடுவே ஒரு பொம்பிளைக் குரல்,
கூப்பிடுகிற மாதிரி, சோறு ஆறுது வா என்கிற மாதிரி,
ஒரு பெயரைச் சொன்னது.
றெக்கோர்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் கேட்கும் பாட்டில் அது இருக்கிறது,
இரண்டாம் நிமிடம் நாற்பத்தோராம் செக்கன்.
யாரென்று தெரியாது. விசாரித்தோம்.
அந்த வருச வருமானம் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
"பாதி அந்த மனுசிக்கு" என்றான்.
ஐந்நூற்றெழுபது ரூபாய் ஒரு கடித உறையில்
இன்னும் மிக்ஸருக்குக் கீழே கிடக்கிறது.

இப்போது தண்ணீர் பவுசர் ஓட்டுகிறான்.
ஹோர்ன் அடிப்பதிலும் ஒரு தாளம், சனம் ஏசுகிறது.
நாளை அஸருக்குப் பிறகு வாறன் என்றிருக்கிறான்,
புதுசாம், என்னவென்று சொல்லவில்லை.
பெருநாளுக்கு வாப்பா பாதிச் சாரனை விற்றுவிட்டார்.
மேற்குச் சுவர் வெறுமையாய்த் தெரிகிறது.
நடுவில் நின்று ஒருதரம் கைதட்டிப் பார்த்தேன்.

திரும்பி வந்தது.