ஒன்றுக்கு எட்டு

ஆத்தூர் ரோட்டு ஆலையில்
ஜவ்வரிசிக்கு ரிப்போர்ட் எழுதுகிறவள் நான்.
ஈரப்பதம் பதினொன்று, சாம்பல் புள்ளி நாலு,
சாம்பிளுக்கு ஒரு சீட்டு, கீழே என் கையெழுத்து.

மூன்றாம் மாதம் எடுத்த என் ரத்தத்தின் சீட்டைத்தான்
வாசிக்கத் தெரியவில்லை.
வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ். 1:8.

பெரியாஸ்பத்திரியில் டோக்கன் நாற்பத்தொன்று என்றார்கள்,
பேர் சொல்லவில்லை. நல்லவர்கள்.
கவுன்சிலர் தெரசம்மா கதவைச் சாத்திவிட்டு
"நீர்க்க வச்சு நீர்க்க வச்சு பாப்பாங்கம்மா.
அரை, கால், அரைக்கால்.
அரைக்கால் வரைக்கும் பதில் சொல்லுது உன் ரத்தம்."

அது புரிந்தது.
மாவுப்பாலில் ஒரு சொட்டு அயோடின்.
தண்ணீர் விட விட
இன்னும் நிற்கிற நீலம்.

"இன்னொரு டெஸ்ட்டும் பாசிட்டிவ்.
குணமானாலும் அது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்,
அதப் பாத்துப் பயப்படாத.
இந்த எட்டு இறங்குதான்னு பாப்போம்.
எச்.ஐ.வி. இல்ல.
வாரம் ஒரு ஊசி, மூணு வாரம், ஒண்ணும் விடக்கூடாது,
வயித்துல இருக்கறதுக்கும் அதுதான் மருந்து.
வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா."

ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபடி
மாதேசுக்கான வசவுகளை வரிசைப்படுத்தினேன்.
ஓசூர் டூட்டி, எடுக்காத போன், புதுச் சட்டை.
ஒவ்வொன்றுக்கும் என்னிடம் தேதி இருந்தது.

அவன் சீட்டு வெள்ளிக்கிழமை வந்தது.
நான்-ரியாக்டிவ்.

அப்புறம்தான்
ஏற்காட்டில் ஏரிக்கு மேலே ஒரு லாட்ஜ்,
கல்யாணத்துக்கு முந்தின டிசம்பர்,
கண்ணாடியில் பனி,
பேர் நினைவிருந்தும் முகம் வராத ஒருவன்
கொண்டை ஊசி இருபதும் இறங்கி
என்னிடம் வந்தது.

யாரிடமிருந்து என்று
எந்தச் சீட்டிலும் கட்டம் இல்லை.
எப்போது என்றும் இல்லை.
நான் சொன்னேன். சொல்லத் தொடங்கினேன்.
அவன் இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து
டியூப்லைட்டுக்குத் தூக்கிப் பார்த்தான்,
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

நாலு நாள்
சோற்றுத்தட்டு மட்டும்தான் சத்தம்.

இரண்டாவது ஊசிக்கு அவனே வண்டியை எடுத்தான்.
திரும்புகையில் இடுப்பில் கல்லைக் கட்டியதுபோல் வலி.
அம்மாபேட்டை வரை
ஒவ்வொரு வேகத்தடையிலும் காலை ஊன்றி
முன்சக்கரம், அப்புறம் பின்சக்கரம் என்று
மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினான்.
திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழாம் மாதச் சீட்டில் 1:2.
"இன்னும் அரை இருக்கு" என்றேன்.
"ம்" என்றான்,
காலண்டரில் அடுத்த தேதியைச் சுழித்தபடி.