அரை ஞாயிறு

மூன்று கொட்டேஷன்கள் மேஜைமேல்.
மின்விசிறிக்குப் பறந்துவிடாமல்
ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இருமல் மருந்து பாட்டில்.

பிவண்டி கிடங்கு, இரண்டாம் மாடி.
கீழே, எழுநூறு கடைகளுக்குப் போகும் மாத்திரைப் பெட்டிகள்.
மேலே, அவற்றின் கணக்கு முழுக்க
ஒரே சர்வரில்,
கழிப்பறைச் சுவரை ஒட்டி.
அந்தச் சுவரில் ஈரம் ஏறுவதை
மூன்று மழைக்காலமாகப் பார்த்துவருகிறேன்.

முதல் தாள், டேப். மலிவு. எழுப்பினால் மெதுவாக எழும்.
இரண்டாவது, கிளவுட். மாதா மாதம் வாடகை.
இணையம் அறுந்தால் நாம் வானம் பார்த்த பூமி.
மூன்றாவது, தாணேயில் இதேபோல் இன்னொரு சர்வர்,
நொடிக்கு நொடி இதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்.
அதன் விலையைப் படித்ததும்
கேதன்பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"எது நல்லது, செல்வகனி?"
"எவ்வளவு போனால் தாங்குவீர்கள் என்று சொல்லுங்கள்."
"எதுவும் போகக் கூடாது."
அந்தப் பதிலின் விலை மூன்றாம் தாளில் இருந்தது.
மறுபடி பார்த்தார்.
"சரி, ஒரு நாள். போனால் போகட்டும்."

படியிறங்கி மற்றவர்களைக் கேட்டேன்.
பில் போடும் வைஷாலி நிமிரவே இல்லை:
"நேற்று மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு.
திரும்ப அடிக்க சேட் வந்து உட்காருவாரா?"
லோடு ஏற்றும் ராம்சஜீவன் உள்ளங்கையை விரித்தார்,
பேனாவில் ஆறு லாரி நம்பர்கள்.
"குளிக்கும்வரை என்னிடம் இருக்கும்."
குளிரறை பார்க்கும் தவ்ஃபீக்தான் யோசித்தான்.
எந்த பேட்ச் இன்சுலின் எந்தக் கடைக்குப் போனதென்று
ஒரு மணி நேரம் தெரியாமல் இருக்கலாம்.
அந்த ஒரு மணி நேரத்தில்
அந்த பேட்ச் கெட்டது என்று ஃபோன் வராதவரை.

குறித்துக்கொண்டேன்:
ஒரு நாள். ஒரு பில்லும் கூடாது. ஒரு குளியல். ஒரு ஃபோன்.

அதுவரை எங்கள் பேக்கப்
என் கைப்பைதான்.
வெள்ளிதோறும் ஒரு ஹார்டு டிஸ்க்
ரசம் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில்
கல்யாணில் ஏறி அம்பர்நாத்தில் இறங்கும்.
பெண்கள் பெட்டியில் பக்கத்து இருக்கைக்காரி
பட்டாணி உரிப்பாள்.
எழுநூறு கடைகளின் கடன்பாக்கி மேல்
ஒரு தோல் வந்து விழும்.

புதிதை வாங்குமுன்
பழையதிலிருந்து ஒருமுறை மீட்டுப் பார்க்கலாமே என்று
ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தேன்.
எட்டு மாதம். முப்பத்தைந்து வெள்ளிகள்.
ஒவ்வொன்றிலும் பச்சை விளக்கு எரிந்திருந்தது.
திறந்தேன்.
கோப்புறை இருந்தது. பெயர் இருந்தது. தேதி சரி.
உள்ளே ஒன்றும் இல்லை.

மார்ச்சில் டேட்டாவை வேறு டிரைவுக்கு மாற்றியவள் நான்.
பேக்கப்பிடம் அதைச் சொல்ல மறந்தவளும் நான்.
ஏட்டுச் சுரைக்காயை
முப்பத்தைந்து முறை ரயிலில் சுமந்து
வீடு சேர்த்திருக்கிறேன், பத்திரமாக,
சீட்டு கிடைக்காத நாளில் நெஞ்சோடு அணைத்து.

சுவரோரம் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
எதுவும் தொலையவில்லை.
கை மட்டும் நடுங்கி
மவுஸ் இரண்டு முறை வழுக்கியது.

திங்கட்கிழமை சொன்னேன்.
கேதன்பாய் கத்தவில்லை. அது இன்னும் மோசம்.
"மூன்றில் எது?" என்றார்.
இன்சுலின் கணக்கு மட்டும் தாணேக்கு,
மீதி இரவோடு இரவாகக் கிளவுடுக்கு.
"அப்புறம் மாதம் ஒரு ஞாயிறு, சம்பளத்தோடு.
எல்லாம் போய்விட்டதாக வைத்துக்கொண்டு
திரும்ப எழுப்பிப் பார்க்க."
மூன்று தாளையும் புரட்டினார்.
அந்த வரி எதிலும் இல்லை.
தானே பேனா எடுத்து ஓரத்தில் எழுதினார்:
அரை ஞாயிறு.

டிஸ்க் இன்னும் வெள்ளிதோறும் என்னோடு வருகிறது.
சோறு வைக்குமுன் ஒருமுறை திறக்கிறேன்,
கண்ணை மூடி ஏதோ ஒரு பில்லைத் தொடுகிறேன்.
நேற்று வந்தது:
உல்ஹாஸ்நகர், மூன்றாம் நம்பர் பஜார்,
இருமல் மருந்து, பன்னிரண்டு பாட்டில்,
ஒன்று உடைந்தது,
பணம் பாக்கி.